ஆய்வுகூடம் வாவியைக் கடந்தால்

பெரும்போக மழை தொடங்கிவிட்டால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல் வட்டைகளில் சேற்று நீரில் நின்றுதான் வேலை. அந்த நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால், காலிலுள்ள சின்னக் கீறல் வழியே எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் போய்விடும். பிறகு காய்ச்சல், தலையிடி, உடம்பு நோவு.

டெங்கும் இப்படித்தான் தொடங்கும்.

எலிக்காய்ச்சலுக்கு எதிரான பிறபொருளெதிரி இரத்தத்தில் தெரிய ஏறக்குறைய ஒரு வாரமாகும். கிருமியின் டி.என்.ஏ.யோ முதல் நாட்களிலேயே இரத்தத்தில் இருக்கும். அதைப் பெருக்கிக் காட்டுவது பி.சி.ஆர். பரிசோதனை. ஆனால் அதற்கான ஆய்வுகூடங்கள் நகரங்களில்; இடையில் 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அவ்விடத்தில் படகுப்பாதைதான்.

பி.சி.ஆருக்கு 1983இல் கேரி மல்லிஸ் கண்ட வழி இது: டி.என்.ஏ.யை 95 பாகையளவு சூடாக்கினால் இரு இழைகளும் பிரியும். 60 பாகையளவுக்கு ஆறவிட்டால் ஒவ்வொன்றின் மேலும் புதிய இழை வளரும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 சுற்றில் 100 கோடியைத் தாண்டும். இன்றைய முறையில், பெருகப் பெருகச் சாயம் ஒளிரும். கருவி அதைக் கண்டு விடை சொல்லும்.

நேரத்தையும் மின்சாரத்தையும் தின்பது இந்தச் சூடாக்கலும் ஆறவைத்தலும்தான். கலியாண வீட்டுக் கிடாரம் கொதிக்கப் பொழுது போகும். ஒரு கரண்டி நீர் சட்டென்று கொதிக்கும். பி.சி.ஆரைச் சிறு சிப்பில் செய்வதன் சூட்சுமம் அதுவே. பெங்களூரின் பிக்டெக் உருவாக்கி, கோவாவின் மோல்பயோ தயாரிக்கும் ‘ட்ரூநாட்’ சிப்பில் விடுவது 6 மைக்ரோலீற்றர் மட்டுமே. ஒரு சொட்டின் சிறு பங்கு. ஆகவே பற்றரியிலேயே இயங்கி, ஒரு மணிநேரமளவில் விடை தருகிறது. காசநோயைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் 2020இல் இதைப் பரிந்துரைத்தது. 2010இல் பரிந்துரைக்கப்பட்ட ‘ஜீன்எக்ஸ்பேர்ட்’ கருவிக்குத் தடையில்லா மின்சாரமும் 30 பாகைக்கு மேற்படாத அறையும் வேண்டும்.

சிப்புக்கு முந்திய வேலைதான் இன்னும் கடினம். காசநோயாளியின் கெட்டியான சளியைக் கரைத்து டி.என்.ஏ.யைப் பிரிக்கத் தனிக் கருவி வேண்டும். அந்த 6 மைக்ரோலீற்றரைப் பிசகாமல் விடப் பழகிய கை வேண்டும். சிப்பை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். 2000இல் ஜப்பானியர் வெளியிட்ட ‘லாம்ப்’ முறை, மாறி மாறிச் சூடாக்கி ஆற்றும் சிக்கலைக் குறைத்தது: 65 பாகையளவில் ஒரே சூட்டில் வைத்தால் போதும், டி.என்.ஏ. பெருகும்.

படுவான்கரை நோயாளிக்கு ஒரு மணிநேரத்தில் விடை கிடைப்பது பெரிது. எலிக்காய்ச்சலென்றால் நுண்ணுயிர்கொல்லி மருந்தைத் தாமதிக்கக் கூடாது. டெங்கென்றால் அம்மருந்தால் பயனில்லை, உடலின் நீரளவைத்தான் மணிக்கணக்கில் கவனிக்க வேண்டும்.