மனையிடம் வகுக்குமுன் நீர்நிலம் காணுதல்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலூகாக்களில், மேற்கு மலைத்தொடரிலிருந்து இறங்கும் மழைநீரைக் கண்மாய்களில் தேக்கிப் பயிரிடுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். வடகிழக்குப் பருவமழையில் பெருகும் இக்கண்மாய்களுள் பல, கோடையில் வறண்டு கட்டாந்தரையாகின்றன. அக்காலத்தில் மனைப்பிரிவுக்கோ ஆலைக்கோ இடம் பார்ப்பவருக்கு உள்வாயும் ஓடைக்கரையும் வெறுந்தரிசாகவே தோன்றும். அங்கு எழும் வீடுகளில் ஐப்பசியில் நீர் புகும். அதற்கஞ்சிக் கலுங்கைத் தாழ்த்தினாலோ, ஆயக்கட்டின் பயிர் கதிர்விடும் தருணத்தில் காயும்.

சட்டம் காக்குமென்று குடியானவர்கள் வாளாவிருத்தல் தகாது. 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஈரநில விதிகள், நெல்வயல்களையும், பாசனத்திற்கென்றே அமைக்கப்பட்ட நீர்நிலைகளையும் ஈரநிலம் என்னும் பெயரினின்று விலக்கியுள்ளன. இவ்விலக்கு நம் ஜில்லாவிற்குச் சற்றும் பொருந்துவதன்று. இங்கு நாரையும் கொக்கும் இறங்குவது பாசனக் கண்மாய்களிலேயன்றோ! அதே ஆண்டு பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு 2,01,503 ஈரநிலங்களைக் காக்குமாறு உத்தரவிட்டது. ஆயின் அவை 2.25 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் ஐந்தரை ஏக்கருக்கு, மேற்பட்டவை. பொதுப்பணித் துறைக் கண்மாய்களை அளந்து எல்லை குறிக்க 2007-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் உண்டு. சிறு ஊருணிகளும் ஓடைப் பள்ளங்களும் இவற்றுள் அடங்காது போகக்கூடும். ஆதலின் ஊராரே படம் வரைந்து வைத்தல் நலம்.

முதலில் கிராமப் படம், புலப்படம், அ-பதிவேடு ஆகியவற்றில் கண்மாய், ஓடை, வாய்க்கால் எனக் குறிக்கப்பட்ட சர்வே எண்களைத் தொகுத்துக் கொள்ளவேண்டும். உள்வாயை அடுத்த பட்டா நிலங்களையும் விடலாகாது. பட்டா இருப்பதனால் நீர் ஏறாதென்பதில்லை.

பின்னர் நிலத்தில் இறங்கிப் பார்க்கவேண்டும். கோரை, சம்பு, நீர்முள்ளி ஆகியவை அடர்ந்து வளர்ந்த இடத்தில் நீர் நெடுநாள் நின்றதென்று கொள்ளலாம். செடிகளை உழுது அழித்திருப்பின் மண்ணே சாட்சி. ஒன்றரை அடி ஆழம் குழி தோண்டுக. நீர் தங்கும் மண்ணில் காற்று புகாமையால் இரும்புச் சத்து நிறம் மாறி, மண் சாம்பல் நிறமடையும். வேரோடிய துளைகளின் ஓரம் துருப்போன்ற செம்புள்ளிகள் காணும். மலையடிவாரச் செம்மண்ணில் இவை தெளிவாகத் தெரியும். கரிசலிலோ கருமை மறைத்துவிடும்; புள்ளியில்லை என்பதால் நீர்நிலமன்று எனத் துணிதல் பிழையாகும்.

எல்லை காண்பதற்குக் கலுங்கே அளவுகோல். அதன் உச்சி மட்டத்தைக் கொத்தனார்கள் கையாளும் நீர்க்குழாயால் உள்வாயைச் சுற்றிலும் எடுத்துச் சென்று, சமமட்டமான இடந்தோறும் முளையடித்து, முளைகளை இணைத்தால் நிறைகுளத்தின் கரை கிடைக்கும். கலுங்குக் கற்களிடையே பலகையடைத்து நீர் தேக்கும் வழக்கமிருப்பின், பலகையின் உச்சியையே மட்டமாகக் கொள்ளவேண்டும். கார்த்திகையில் நீர் நிரம்பியபோது இம்முளைகளைச் சரிபார்த்துக் கொள்ளலாம்.

வரத்துக்கால்களைப் படத்தில் சேர்ப்பது மிக முக்கியம். உள்வாயில் ஓரங்குலமும் இழவாத கண்மாய்கூட, மேலே வரத்துக்கால் மனைக்குள் மறைந்தால் வறண்டுபோம். ஓடையில் வாய்பிரியும் இடந்தொட்டுக் கண்மாயில் கூடும் இடம்வரை அதன் அகலத்தையும் இரு கரையின் சர்வே எண்களையும் குறித்து, மனைப்பிரிவு அனுமதி பிறக்குமுன் அப்படத்தின் பிரதிகளைத் தாசில்தாரிடமும் நகர ஊரமைப்பு அலுவலகத்திலும் கொடுத்து ரசீது பெறுக.