மெலிந்துபோன ஒரு ரூபாய்

வீட்டில் பழைய நாணய டப்பா இருந்தால் திறந்து பாருங்கள். 1962-ல் வெளியான ஒரு ரூபாய் கிடைத்தால் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்; கனம் தெரியும். அது நிக்கல், எடை 10 கிராம். 1992-ல் வந்த எஃகு ரூபாய் 4.85 கிராம். 2019-ல் வந்தது 3.09 கிராம்தான்! இன்னும் பின்னோக்கிப் போனால், 1835-ன் ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. பெயர் அப்படியே இருக்கிறது, உடம்புதான் இளைத்துவிட்டது.

இளைக்க வைத்தது பணவீக்கம். அதாவது, பொருள்களின் விலை பொதுவாக ஏறிக்கொண்டே போவது. உலோகமும் ஒரு பொருள்தானே? அதன் விலையும் ஏறும். ஆனால் நாணயத்தின் மேல் பொறித்த '1' ஏறாது. உலோகத்தின் விலை அந்த ஒன்றைத் தாண்டிவிட்டால், நாணயத்தைச் செலவழிப்பதைவிட உருக்குவது லாபம். இந்திய நாணயங்கள் வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டு சவர பிளேடுகளாக மாறுவதாக 2007-ல் செய்திகள் வந்தன. அதனால்தான் நாணயச்சாலை கனத்தைக் குறைக்கிறது, உலோகத்தை மாற்றுகிறது.

விலை ஏறியதை எப்படி அளப்பது? தக்காளி ஏறும், செல்பேசி இறங்கும். அதற்காகவே ஒரு கற்பனை மளிகைக் கூடை இருக்கிறது. 2012-ஐ அடிப்படையாக வைத்த நுகர்வோர் விலைக் குறியீட்டில் அந்தக் கூடைக்குள் 299 பொருள்கள். 1,181 கிராமங்களிலும் 1,114 நகரச் சந்தைகளிலும் விலை கேட்டு எழுதினார்கள். நூற்றில் ஏறக்குறைய 46 பங்கு சாப்பாட்டுக்கும் பானங்களுக்கும். கடைக்காரரிடம் விலை கேட்டுக் குறித்துக்கொள்ளும் அந்த எளிய வேலையிலிருந்துதான் நாட்டின் பணவீக்க எண் பிறக்கிறது.

இப்போது கணக்கு. கிலோ 60 ரூபாய் அரிசி, ஆண்டுக்கு 6 சதவீத ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 3 ரூபாய் 60 காசு கூடும். அதே தொகை ஆண்டுதோறும் கூடினால் 12 ஆண்டில் 103 ரூபாய் ஆகியிருக்கும். உண்மையில் 120 ரூபாயைத் தாண்டிவிடும்! ஏறிய விலையின் மீதே அடுத்த ஏற்றம் ஏறுவதால், வட்டி குட்டி போடுவதுபோல அதுவும் குட்டி போடுகிறது. ஒரு சுலபமான வழி: 70-ஐ சதவீதத்தால் வகுங்கள். விலை இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்பது கிட்டத்தட்ட அதுதான்.

எனக்கு மிகுந்த வியப்பு தருவது இதுதான்: ரிசர்வ் வங்கிக்கு அரசு வைத்த இலக்கு பூஜ்ஜியம் அல்ல, 4 சதவீதம். அந்த இலக்கு துல்லியமாக நிறைவேறினாலும் பதினெட்டு ஆண்டுகளுக்குள் பீரோவில் கிடக்கும் நூறு ரூபாய் நோட்டின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். ஆனால் விலைகள் தொடர்ந்து இறங்கினால், "நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்று எல்லாரும் காத்திருப்பார்கள். கடை தூங்கும், வேலை போகும். அந்தப் பள்ளத்தில் விழாமலிருக்கவே இந்த மெல்லிய ஏற்றம்.

மறுபடி அந்த நாணய டப்பாவுக்கு வருவோம். நாலணா (25 காசு) 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போனது. எட்டணா (50 காசு) இன்றும் சட்டப்படி செல்லும், ஒரே தடவையில் பத்து ரூபாய் வரைக்கும்.