2.4 நொடிக்கு ஒரு கூண்டு

டோட்டா 2 ஆட்டத்தில் அணிக்கு ஐந்து பேர். அந்த ஐவரில் 'பர்ஸ்ட் மேஜ்' எனப்படும் மந்திரவாதி இருந்தால், நின்று நிதானமாகச் சண்டை போடுவது அவர் வேலையல்ல. கையிலுள்ள மந்திரங்களை எல்லாம் ஒரே மூச்சில் ஒரு எதிரிமேல் கொட்டுவார். அவை மறுபடி தயாராகும்வரை ஒதுங்கி நிற்பார். சரவெடி அல்ல, அணுகுண்டு வெடி.

ஸ்கைராத் மேஜ் இந்த வகையில் ஒருவர். சிறகு உண்டு, உடம்புதான் இல்லை. நாலு அடி சேர்ந்து விழுந்தால் சாய்ந்துவிடுவார். அவருடைய பெரிய ஆயுதம் மிஸ்டிக் ஃபிளேர். தரையில் 170 அலகு ஆரமுள்ள ஒரு சின்ன வட்டம், அதற்குள் 2.4 நொடி ஒளிமழை. முழுதாக வளர்ந்த ஃபிளேரின் அடி ஆயிரம் புள்ளியைத் தாண்டும். ஆனால் அந்த அடி, வட்டத்துக்குள் இருக்கும் எதிரி ஹீரோக்களுக்குச் சமமாகப் பங்கு பிரியும். ஒருவர் மட்டும் நின்றால் முழுப் பங்கும் அவருக்கே. மூவர் நின்றால் ஆளுக்கு மூன்றில் ஒன்று.

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். எதிரிகளைச் சுழலுக்குள் இழுத்துக் குவிக்கும் எனிக்மா கூட்டாளியாக இருந்தால் குஷியாகிவிடுவார்கள். குவியலின் நடுவில் ஃபிளேரைப் போடுவார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் காயம்படும், ஒருவரும் விழமாட்டார். ஸ்கைராத்துக்கு வேண்டியவர் கூட்டம் சேர்ப்பவரல்ல, ஒருவரைத் தனியே பிரித்துக் கொடுப்பவர்.

அதற்கென்றே பிறந்தவர் கிளாக்வெர்க். தொலைவிலிருந்தே கொக்கி வீசிப் பாய்வார். தன்னைச் சுற்றிப் பல்சக்கரங்களை எழுப்பி, எதிரியையும் தன்னோடு உள்ளே பூட்டிக்கொள்வார். அந்தக் கூண்டு ஃபிளேர் வட்டத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் மழை பெரும்பாலும் தலையில்தான். கூடவே நிற்கும் கிளாக்வெர்க்குக்கு ஒரு துளியும் படாது. என்னைக் கேட்டால், இதைவிடப் பொருத்தமான ஜோடி ஸ்கைராத்துக்கு இல்லை.

கிளாக்வெர்க் கிடைக்காவிட்டால் கடையில் ராட் ஆஃப் ஆட்டோஸ் வாங்கலாம். அது எதிரியின் காலை 2 நொடி கட்டிப்போடும். ஃபிளேரோ 2.4 நொடி, மிச்சம் 0.4 நொடியில் தப்பிவிடுவாரே? கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 300 அலகு நடப்பவர் நட்டநடுவிலிருந்து 170 அலகு கடக்க அரை நொடிக்கு மேல் ஆகும். மையத்தில் சரியாக, காலம் தாழ்த்தாமல் விழுந்திருந்தால் தப்ப வழியில்லை.

கால் கட்டப்பட்டாலும் கை சும்மா இருக்காது என்பதுதான் சிக்கல். ஸ்கைராத்தின் ஏன்ஷியன்ட் சீல் எதிரியின் மந்திரங்களை அடைக்கும், பையிலுள்ள பொருள்களை அடைக்காது. ஃபோர்ஸ் ஸ்டாஃப் இருந்தால் அவர் தன்னைத் தானே வட்டத்துக்கு வெளியே தள்ளிக்கொள்வார். அதனால்தான் எதிரியைத் தவளை போன்ற அற்ப உயிராக மாற்றும் லயன், கட்டிப் பிடித்து வைக்கும் ஷேடோ ஷாமன் போன்றோருக்கு மதிப்பு அதிகம். அவர்கள் பிடியில் பொருளும் வேலை செய்யாது.

சீலுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஹீரோக்களுக்குப் பிறவியிலேயே 25 சதவீத மந்திரத் தடுப்பு இருப்பதால், ஆயிரம் புள்ளி மந்திர அடி 750 ஆகத்தான் இறங்கும். சீல் அந்த இழப்பை ஏறக்குறைய சரிக்கட்டிவிடும். அதுவும் ஸ்கைராத்துக்கு மட்டுமல்ல, அந்த நேரத்தில் அதே ஆள்மேல் விழும் ஸீயஸின் இடிக்கும் லினாவின் மின்னலுக்கும் அதே லாபம். வாளால் வெட்டுபவருக்கு இதனால் பயனில்லை.

மந்திரங்களிலிருந்து காக்கும் பிளாக் கிங் பார் என்ற பொருளை வாங்கிவிட்ட எதிரியிடம் இந்தக் கூட்டணி பெரிதாகச் செல்லாது. ஆகவே ஸ்கைராத்தை எடுப்பவர்கள் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே வேட்டையாடிவிடுங்கள். சீல் முதலில், ஃபிளேர் கடைசியில்.