பத்துக் கண்ணிகளில் ஒரு மருந்து

திருப்பூர் - பல்லடம் சாலையில் உள்ள அருள்புரத்துக்கு நாள்தோறும் பனியன் வேலைக்கு வரும் பெண்கள் ஏராளம். மார்பில் கட்டி ஒன்று தட்டுப்பட்டாலும், வலி இல்லை என்பதாலும் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதாலும் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுவோர் உண்டு. ஆனால், இந்த நோய்க்கான சிகிச்சை வெகுதூரம் முன்னேறியிருக்கிறது.

உலக அளவில் மார்பகப் புற்றுநோய்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவை ஹார்மோன் சார்ந்தவை. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனே அவற்றுக்குத் தீனி. சினைப்பைகளை அகற்றினால் முற்றிய கட்டியும் சுருங்கக்கூடும் என்பதை ஸ்காட்லாந்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896-இலேயே பதிவு செய்தார். இன்று அதே பலனை அறுவை சிகிச்சையின்றி ஓர் ஊசியால் பெற முடிகிறது. கோசெரலின் என்னும் அந்த மருந்து ஒரு பெப்டைடு; அதாவது, சில அமினோ அமிலங்கள் கண்ணிகளாகக் கோக்கப்பட்ட குறுஞ்சங்கிலி.

சினைப்பைகளை இயக்குமாறு பிட்யூட்டரி சுரப்பிக்கு மூளை அனுப்பும் தூது, பத்துக் கண்ணிகள் கொண்ட ஒரு பெப்டைடு. 1971-இல் அதன் அமைப்பு தெரியவந்தது. அந்த ஆய்வுக்காக ஷாலி, கில்லெமின் இருவரும் 1977-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இயற்கையான தூது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதன் ஆறாவது கண்ணியை மாற்றி, அங்கே கண்ணாடிப் பிம்ப வடிவிலான ஓர் அமினோ அமிலத்தைப் பொருத்தியபோது, நொதிகளால் சங்கிலியை எளிதில் வெட்ட முடியவில்லை. விட்டுவிட்டு வர வேண்டிய தூது ஓயாமல் வந்தால், முதலில் சற்றுத் தூண்டப்படும் சுரப்பி பிறகு செவிசாய்க்க மறுக்கிறது, சினைப்பைகள் ஓய்கின்றன. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கே இது பயன்படும்.

இத்தகைய வடிவமைப்பின் அடித்தளத்தில் தமிழகத்தின் பங்கு பெரிது. பெப்டைடு சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளையலாம் என்ற வரைபடத்தை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரன் குழுவினர் வெளியிட்டனர். அச்சங்கிலியின் திருப்பங்களை 1968-இல் சி.எம். வெங்கடாசலம் வகைப்படுத்தினார். ஆறாவது கண்ணி அமைந்திருப்பதும் அத்தகையதொரு திருப்பத்தில்தான்.

செல்லுக்குள் புகுந்து, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியோடு துணைப் புரதங்கள் இணைவதைத் தடுக்கும் பெப்டைடுகளும் ஆராயப்படுகின்றன. செல்சவ்வைக் கடப்பதும், நொதிகளுக்குத் தப்புவதும் அவற்றின் முன்னுள்ள தடைகள்.

ஆய்வகத்தின் வெற்றி தொழிலாளியிடம் வந்துசேர வேண்டாமா? கோசெரலினை 28 நாள்களுக்கு ஒருமுறை தவறாமல் போட வேண்டும். இடைவெளி நீண்டால் சினைப்பைகள் மீண்டும் விழித்துக்கொள்ளலாம். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு ஒவ்வோர் ஊசியும் ஒரு நாள் வருமான இழப்பு. இஎஸ்ஐ திட்டத்தின் நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பணப்பயன் புற்றுநோய்க்கும் உண்டு என்றாலும், பதிவின்றி ஒப்பந்தக்காரர் வழியே உழைப்பவருக்கு அது எட்டாக்கனி.

கட்டி கண்டறியப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனை, வேலை முடிந்த பின்னும் ஊசி போடும் வசதி, அனைவருக்கும் இஎஸ்ஐ பதிவு - இம்மூன்றும் புதிய கண்டுபிடிப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லாதவை.