நல்லூர் மதிலின் சிவப்புப் பட்டை எக்ஸ்ரே பிலிமில் எடுத்த படத்தில் ஏன் கறுக்கிறது?

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மதிலில் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டைகள் இருப்பது தெரியும்தானே? பெரிய மரக் கமராவில் எக்ஸ்ரே பிலிமைப் போட்டு அந்த மதிலைப் படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பு கறுப்பாக விழும். நீல வானமோ வெளுத்துப்போகும்.

காரணம் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அங்கே பிலிமைப் பதியவைப்பது பெரும்பாலும் எக்ஸ்ரே கதிர் அல்ல! பிலிம் பெட்டிக்குள் இருக்கும் திரை, கதிர் பட்டதும் நீலமாகவோ பச்சையாகவோ ஒளிரும். அந்த ஒளிக்கென்றே செய்த பிலிம் இது. சிவப்பு இதன் கண்ணுக்கு இருட்டு. அதனால் நெகட்டிவில் அந்த இடம் வெறுமையாய் நிற்கும், அச்சிட்டால் கறுப்பு. நெற்றிக் குங்குமத்துக்கும் இதே கதிதான்.

இதில் ஒரு வசதி: சிவப்பு பல்பு வெளிச்சத்திலேயே, படம் மெல்ல எழுவதைப் பார்த்தபடி கழுவலாம்.

தொல்லை எது தெரியுமா? பாண் துண்டின் இருபுறமும் பட்டர் பூசியதுபோல, இதில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒளி பதியும் மருந்து. நோயாளிக்குக் குறைந்த கதிர் போதும் என்பதற்கான ஏற்பாடு அது. கமராவிலோ, ஒளி ஊடுருவி மறுபக்கத்தில் சிதறிப் படிய, கூர்மை கொஞ்சம் குறையும். கழுவும்போது அடிப்பக்கப் பட்டர் தட்டில் உரசிக் கீறலும் விழும். தட்டின் அடியில் வழவழப்பான கண்ணாடி போடுங்கள். கழுவி முடிந்தபின் ஒரு பக்க மருந்தைப் பிளீச்சால் கரைத்து எடுப்பவர்களும் உண்டு. எனக்கு அது வீண் வேலை.

மாலை வெயிலில் நீலம் குறைவு. வில்லையைக் கூடுதல் நேரம் திறந்து வையுங்கள்.