கேஸ் அடுப்பு: யார் பொறுப்பு?

தாராவியில் ஒரு சிறிய அறை. மும்பையில் இதைக் கோலி என்பார்கள். பத்தடி நீளம், பத்தடி அகலம். சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குள்தான். மூலையில் கேஸ் சிலிண்டர் இருக்கும். பக்கத்திலேயே குழந்தை தூங்கும்.

அது வாடகை அறை. சிலிண்டரும் அடுப்பும் வீட்டுக்காரருடையவை. ரப்பர் குழாயில் வெடிப்பு விழுந்திருக்கிறது. அதை யார் மாற்றுவது? "அவர் மாற்றட்டும்" என்று இவர் இருப்பார். "இவர் மாற்றட்டும்" என்று அவர் இருப்பார். கேஸ் யாருக்காகவும் காத்திருக்காது.

கேஸ் எங்கே போகும்?

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவும். கட்டிலுக்கு அடியில் தங்கும். மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் பல கட்டடங்களில் குழாய் கேஸ் வருகிறது. 1995இல் தொடங்கிய மகாநகர் கேஸ் நிறுவனம் அதைத் தருகிறது. அது காற்றைவிட லேசானது. கூரைப் பக்கம் போகும். இரண்டுக்கும் இயற்கையில் மணம் இல்லை. கசிவு தெரிவதற்காகவே மணம் சேர்க்கிறார்கள்.

வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்?

சமைக்கும் இடத்தில் காற்று வந்து போக வழி வைக்க வேண்டும். அந்த வழியை அடைக்கக் கூடாது. கேஸ் குழாயைச் சுவருக்குள் மறைக்கக் கூடாது. குழாயை மாற்ற வேண்டுமானால் கம்பெனி ஆளைத்தான் கூப்பிட வேண்டும். தாம் கொடுத்த அடுப்பையும் சரியாக வைத்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இதற்குத் தனி விதி உண்டு. வாடகை வீட்டின் கேஸ் சாதனங்களை ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். சோதித்த சான்றைக் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். இங்கே அந்த வழக்கம் இல்லை. ஆனால் மகாராஷ்டிர வாடகைச் சட்டம், 1999 இருக்கிறது. அது பொருந்தும் வீடுகளைப் பழுது இல்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை. பழுது இருந்தால் 15 நாள் கெடு கொடுத்து எழுத்தில் கேட்கலாம். அப்படியும் செய்யாவிட்டால் குடியிருப்பவரே பழுது பார்க்கலாம். செலவை வாடகையில் கழிக்கலாம். ஆண்டு வாடகையில் கால் பங்குக்கு மேல் கழிக்க முடியாது.

குடியிருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

முடிந்தவரை தம் பெயரிலேயே இணைப்பு வாங்க வேண்டும். கேஸ் விபத்துக்கு எண்ணெய்க் கம்பெனிகள் காப்பீடு செய்திருக்கின்றன. விபத்து நடந்தால் இணைப்பு யார் பெயரில், எந்த முகவரியில் என்று பார்ப்பார்கள். முகவரிச் சான்று இல்லாதவர்களுக்குக் கம்பெனியின் 5 கிலோ சிலிண்டர் உண்டு. சந்துக் கடையில் திருட்டுத்தனமாக நிரப்பும் சிலிண்டர் வேண்டாம்.

ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இரவில் ரெகுலேட்டரை மூட வேண்டும்.

சிலிண்டரைப் படியுங்கள்

சிலிண்டரின் மேல்பக்கப் பட்டையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை. பி என்றால் ஜூன் வரை. சி என்றால் செப்டம்பர் வரை. டி என்றால் டிசம்பர் வரை. எண், ஆண்டைக் காட்டும். 'பி 28' என்றால் 2028 ஜூனுக்குள் மறுபடி சோதிக்க வேண்டும். நாள் கடந்த சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்பலாம்.

மணம் வந்தால்

விளக்கு சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். ரெகுலேட்டரை மூட வேண்டும். கதவு, ஜன்னலைத் திறக்க வேண்டும். எல்லோரும் வெளியே வர வேண்டும். வெளியே வந்த பிறகுதான் போன் செய்ய வேண்டும். சிலிண்டர் கசிவுக்கு எண் 1906. தீ பிடித்தால் 101. குழாய் கேஸ் கம்பெனியின் அவசர எண்ணைப் பில்லில் பார்த்து முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த எண்களைக் கதவின் வெளிப்பக்கம் எழுதி வைப்பது நல்லது. கேஸ் கசியும்போது எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்.