கணிப்பொறி ஒலிச் சாதனம்: வாங்கும் விலையும் விற்கும் விலையும்



சென்ற மாதம் மேல்மலையில் மளிகைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் போளூரில் உள்ள என் மண்டிக்கு வந்தார். அவருடைய மகன் படிப்பை முடித்துவிட்டு, கணிப்பொறி வைத்துப் பாட்டு ஒலிப்பதிவும், திருவிழாக்களுக்கு மைக் செட் வாடகையும் செய்ய ஆசைப்படுகிறான். இரண்டரை லட்சம் ரூபாய் தேவை. வீட்டு நகையை அடகு வைத்தால்தான் பணம் புரளும். "தொழில் ஓடாவிட்டால் சாமானை விற்றுவிடலாம். போட்டதில் முக்கால்வாசி வந்துவிடாதா அண்ணே?" என்று கேட்டார்.

வராது என்றேன். ஏன் வராது என்பதை அவருக்குச் சொன்னபடியே இங்கும் எழுதுகிறேன். நம் உறுப்பினர்கள் பலர் வீட்டிலும் இந்தப் பேச்சு இருக்கும்.

பூண்டு வேறு, கணிப்பொறி வேறு

நாம் மலைப்பூண்டை வாங்கிப் பரணில் தொங்கவிடுகிறோம். வடுகபட்டிச் சந்தையில் விலை இறங்கினால் பொறுத்திருக்கிறோம். ஏறினால் இறக்கி விற்கிறோம். எடை கொஞ்சம் குறையும். ஆனாலும் விதைக்காவது விலை போகும். கணிப்பொறிச் சாதனத்துக்கு இந்தப் பொறுமை உதவாது. பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தாலும் மாதா மாதம் அதன் விலை இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, சில்லுகளின் வளர்ச்சி. ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் எண்ணிக்கை சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று அமெரிக்காவின் கார்டன் மூர் 1975-ல் கணித்தார். பல பத்தாண்டுகள் ஏறக்குறைய அப்படியே நடந்தது. அதே பணத்துக்கு அடுத்த ஆண்டு அதிக வேலை செய்யும் பொருள் கிடைக்கும்போது, பழையதை யார் பழைய விலைக்கு வாங்குவார்?

இரண்டாவது, தனிக் கருவி செய்த வேலையை இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது. 1979-ல் ஆஸ்திரேலியாவில் வந்த ஃபேர்லைட் என்ற இசைக் கணிப்பொறியின் விலை பல்லாயிரம் பவுண்டு. ஒரே நேரத்தில் எட்டுக் குரல்கள், ஒவ்வொரு குரலுக்கும் 16 கிலோபைட் நினைவகம். அதன் திறன் அவ்வளவுதான். அமெரிக்காவின் சின்க்ளேவியர் லட்சக்கணக்கான டாலருக்கு விற்றது. அதைத் தயாரித்த கம்பெனி 1992-ல் மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 1991-ல், புரோ டூல்ஸ் என்ற சாதனம் சுமார் 6,000 டாலருக்கு வந்திருந்தது. அதில் நான்கு தடங்களில் பதிவு செய்யலாம். 2000-ல் ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகவே வந்துவிட்டது. நம் ஊரிலும் 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணிப்பொறி இசையைப் பயன்படுத்தியது அதிசயமாகப் பேசப்பட்டது. இன்று பள்ளிக்கூடப் பையன் கைப்பேசியிலேயே மெட்டுப் போடுகிறான்.

இந்தியாவில் இறக்குமதி வரியும் குறைந்தது. 1997-ல் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான உலக ஒப்பந்தத்தில் நம் நாடு சேர்ந்தது. அதன்படி 2005-க்குள் கணிப்பொறிகளுக்குச் சுங்கவரி நீங்கியது. வரி கட்டி வாங்கியவரின் பொருளும் வரியில்லாத பொருளோடு சந்தையில் போட்டியிட வேண்டியதாயிற்று.

மூன்றாவது காரணத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. பொருள் பழுதாகாமலேயே செல்லாததாகிவிடும். செருகும் முனை மாறும். புதிய இயங்குதளத்துக்கு ஏற்ற டிரைவரைக் கம்பெனி தராது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத எத்தனையோ நல்ல கணிப்பொறிகள் அன்றே விலை இழந்தன.

என் சொந்த அனுபவம்

2009-ல் என் தம்பி மகனுக்காக ரூ.1,15,000 போட்டு ஒரு செட் வாங்கினேன். அதில் ரூ.70,000 கணிப்பொறிக்கும் ஃபயர்வயர் முனை கொண்ட சவுண்ட் கார்டு பெட்டிக்கும், ரூ.45,000 ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், மைக்குகளுக்கு. ஐந்து ஆண்டு கழித்துக் கணிப்பொறி நின்றுபோனது. புதிதாக வாங்கியதில் ஃபயர்வயர் முனையே இல்லை. நன்றாக வேலை செய்த சவுண்ட் கார்டு பெட்டி வெறும் பெட்டியாகிவிட்டது. இரண்டுக்கும் சேர்த்துக் கிடைத்தது ரூ.6,000. ஆனால் ஸ்பீக்கர் வகையறா ரூ.24,000-க்குப் போயிற்று.

இதிலிருந்து நான் கற்ற பாடம்: இந்தச் சரக்கு இரண்டு வகை. கணிப்பொறி, சவுண்ட் கார்டு, மென்பொருள் ஆகியவை மூளை. விலை வேகமாக இறங்கும். ஸ்பீக்கர் பெட்டி, மைக், ஸ்டாண்டு, கேபிள் ஆகியவை தொண்டை, மெதுவாகவே இறங்கும். ஷூர் கம்பெனியின் எஸ்.எம்.58 மைக் 1966-ல் வந்தது. இன்றும் அதே பெயரில் விற்கிறது. பழையதற்கும் கிராக்கி உண்டு.

கணக்கு எப்படிப் போடுவது?

வருமான வரித் தேய்மானத்தையே பாருங்கள். கணிப்பொறிக்கு 60 சதவீதமாக இருந்தது, 2017-18 நிதியாண்டு முதல் 40 சதவீதம் ஆயிற்று. பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம். ஒரு லட்ச ரூபாய்க் கணிப்பொறி 40 சதவீதக் கணக்கில் ஓராண்டு முடிவில் ரூ.60,000, இரண்டாவது ஆண்டில் ரூ.36,000, மூன்றாவது ஆண்டில் ரூ.21,600 என ஐந்தொகையில் நிற்கும். சந்தையில் அதுவும் கிடைப்பது அரிது. விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டி வரி கட்டும் சிறு வணிகர்கள் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

ஆகவே மூளைச் சாமானை வாங்கும்போது விற்கும் விலையைப் பூஜ்யம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆயுள் மூன்று ஆண்டு. நண்பரின் பட்டியலில் அது ரூ.1,50,000. ஆண்டுக்கு ரூ.50,000 ஆகிறது. ஆண்டுக்கு 25 நாள் வேலை கிடைத்தால், ஒவ்வொரு நாளும் ஆள் கூலி, வண்டி வாடகை, டீசல் போக ரூ.2,000 இதற்கென்றே ஒதுங்கவேண்டும். நகைக் கடன் வட்டி தனி. அத்தனை நாள் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் வாங்கலாம். விற்றுவிடலாம் என்ற நம்பிக்கையில் வாங்கக்கூடாது.

விலை இறங்குவது நஷ்டம் மட்டுமல்ல. பொறுத்து வாங்குபவனுக்கு அதுவே லாபம். வேலை கையில் வந்த பிறகு, அந்த வேலைக்கு வேண்டியதை மட்டும் வாங்கவேண்டும். பழைய கணிப்பொறிச் சாதனம் சல்லிசாகக் கிடைத்தால், இன்றைய இயங்குதளத்தில் ஓடுகிறதா என்று எதிரிலேயே இயக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பழைய ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் கேட்டுப் பார்த்து வாங்கலாம்.

நண்பரும் அவர் மகனும் பட்டியலை என் முன்பே திருத்தினார்கள். வீட்டில் இருக்கும் மடிக்கணினியே போதும் என்று முடிவாயிற்று. ஒரு சிறிய சவுண்ட் கார்டு பெட்டி, இரண்டு மைக், பழைய ஸ்பீக்கர் ஒரு ஜோடி என்று தொகை ரூ.70,000-க்கு இறங்கியது. அது கடை வரவிலிருந்தே வந்துவிடும். நகை பெட்டியிலேயே இருக்கிறது. மற்றதை முதல் திருவிழா வாடகை கைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பையனே சொன்னான்.